பிலிப்பியில் ஏன் சொல்லவில்லை

புதன்கிழமை. ஏழு மணிக்கே கரண்ட் போய்விட்டது.
மோல்மீனில் ஊரடங்கு பத்துக்கு என்பதால்
ஜெபத்தைச் சுருக்கிக்கொண்டு
வேதத்தைத் திறந்தோம், ஐந்து பேர்,
ஒரு பேட்டரி விளக்கு,
அதைச் சுற்றி ஈசல்.

சவுலுக்குப் பவுல் என்றும் பெயர் என வாசித்ததுமே
சிரித்துவிட்டான் ஏசுவடியான்.
ரப்பர் கிடங்கில் அவன் கோ தௌங்.
பஸ் கவுன்டரில் நான் மா தின் ஏ,
வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் சுகிர்தா.
"நம்ம ஆளுதான்" என்றான்.
"தெருவுக்கு ஒண்ணு, ஆபீசுக்கு ஒண்ணு."

நான் டிக்கெட் கிழிப்பவள்.
அவர் பயணமெல்லாம் எனக்கு நிறுத்தங்கள்தான்:
பெர்கே, அந்தியோகியா, இக்கோனியா, லீஸ்திரா.
பின்பக்க வரைபடத்தில் சீப்புரு தீவைப் பூச்சி தின்றுவிட்டது,
எங்கள் வேதத்தில் அவர் கப்பல்
ஓர் ஓட்டைக்குள் போய் மறுபக்கம் வெளிவருகிறது.
லீஸ்திராவில் மாலையோடு கும்பிட வந்த ஊரே
கல்லெறிந்து, செத்தான் என்று வெளியே இழுத்துப் போட்டது.
எழுந்து மறுநாள் தெர்பைக்குப் போனார். சரி.
அதே வழியாக ஏன் திரும்பி வந்தார்?
ரிட்டர்ன் கேட்கிறவர்களின் முகத்தை
அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து பார்க்கிறேன்.

இன்றைக்குப் பிலிப்பி.
துணியைக் கிழித்தார்கள். பிரம்பால் அடித்தார்கள்.
உள்ளறை, காலுக்குத் தொழுமரம்,
நள்ளிரவில் பாட்டு, பூமி அதிர்ந்து கதவெல்லாம் திறந்தது.
இதையெல்லாம் ஞாயிறு பள்ளியிலேயே நடித்துவிட்டோம்.
வருடா வருடம் நான்தான் பூகம்பம்.
திரைக்குப் பின்னால் தகரம் தட்டுவேன்.

ஏசுவடியான் கேட்டது வேறு.
விடிந்த பிறகுதான் அந்த மனுஷர் வாயைத் திறக்கிறார்:
நாங்கள் ரோமர்கள், விசாரிக்காமல் அடித்தீர்களே,
இப்போது ஓசைப்படாமல் போகச் சொல்வீர்களா?
"முதல் அடிக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாமே.
எருசலேமில் சவுக்கை எடுக்கும்போதே சொல்கிறாரே."
கூச்சலில் கேட்டிருக்காது என்றார் ஒருவர்.
தேவசித்தம் என்று முடிக்கப் பார்த்தார் இன்னொருவர்.

எருசலேம் சேனாபதியை எனக்குத் தெரியும்.
இந்த உரிமைக்குப் பெரும்பணம் கொடுத்தேன் என்கிறானே, அவனை.
என் இளஞ்சிவப்பு அட்டை அம்மாவின் மூன்று பவுன்.
இமிக்ரேஷன் கிளார்க்கின் மேசையில் அப்பா வைத்தபோது
அது எழுப்பிய சின்னச் சத்தம்தான்
என் பிறப்புச் சான்றிதழ்.

அப்போது லாசரம்மாள் பேசினாள்.
அவளிடம் அட்டை இல்லை.
எந்தக் கப்பலில் யார் வந்தார்கள் என்பதற்குக் காகிதமும் இல்லை.
இருப்பது மனுக் கொடுத்த ரசீது ஒன்று,
பதினாறு வருடமாக,
மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டி, மறுபடி கிழிந்து.

"அந்த ஊரில் முதலில் முழுக்கு வாங்கினது
இரத்தாம்பரம் விற்கிறவளும் அவள் வீட்டு ஆட்களும்.
அவங்ககிட்ட அட்டை இருந்ததா?
இவர் காட்டிட்டு நழுவியிருந்தா
மறுநாள் அந்தப் பிரம்பு யாரைத் தேடும்?"

வசனத்தில் அப்படி இல்லையே என்றான் ஏசுவடியான்.
"இல்லைதான்" என்றாள்.
ஈசல் ஒன்று பக்கத்தின்மேல் விழுந்து
சிறகுகளைக் கழற்றிவிட்டு
தெசலோனிக்கேயைத் தாண்டி நடந்து போனது.

வெள்ளிக்கிழமை. மார்த்தபான் போகிற வண்டி.
சால்வீன் பாலத்தின் இந்த முனையில் நிறுத்தினார்கள்.
அட்டை உள்ளவர்கள் உட்கார்ந்திருக்கலாம்.
இல்லாதவர்கள் இறங்கி வரிசை.
முகப்பருவோடு ஒரு சிப்பாய், என் தம்பி வயது,
சீட் சீட்டாக வருகிறான்.
மகளின் பிரசவத்துக்குப் போகிற லாசரம்மாள்
என் பக்கத்திலிருந்து எழுந்துவிட்டாள்,
பேபி பவுடர் டப்பா, துணி மூட்டை, ரசீது.
என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது அவள் மரியாதை.

கைப்பை ஜிப்பில் என் விரல் இருக்கிறது.
உள்ளே அம்மாவின் மூன்று பவுன்.
பெயர் என்ன என்கிறான் பர்மியத்தில்.

எந்தப் பெயரையும்
இன்னும் நான் சொல்லவில்லை.